வர்க்கம், கனம், மூலம்: நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"7-இன் வர்க்கம் எவ்வளவு?" என்று கேட்டால் வகுப்புக்கு இரண்டு பேராவது 14 என்பார்கள். கணக்கு வராத பிள்ளைகள் என்று அவர்களை ஒதுக்கிவிடக் கூடாது. 7 இருக்கிறது, தலைமேல் சின்னதாக 2 இருக்கிறது, இரண்டையும் பெருக்கிவிட்டார்கள். அந்தச் சின்ன 2 எதைச் சொல்கிறது என்று யாரும் கண்ணால் காட்டவில்லை, அவ்வளவுதான்.

சென்னையில் ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை பல வருடங்களாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஆரம்பத்தில் நானும் "ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வர்க்கம்" என்று பலகையில் எழுதிவிட்டு நேராகப் பயிற்சிக் கணக்குக்குப் போய்விடுவேன். பிள்ளைகள் அன்றைக்குச் சரியாகப் போடுவார்கள். காலாண்டுத் தேர்வில் வர்க்கமூலம் என்று வந்ததும் பாதிப் பேர் எண்ணை இரண்டால் வகுத்து வைத்திருப்பார்கள். 36-க்கு 18. மறுபடி முதலில் இருந்து.

இப்போது நான் செய்வது வேறு. வர்க்கம் என்றால் ஒரு சதுரத்தின் பரப்பு, வர்க்கமூலம் என்றால் அந்தச் சதுரத்தின் பக்கம். கனம் என்றால் ஒரு கனசதுரத்துக்குள் அடங்கும் இடம், கனமூலம் என்றால் அதன் பக்கம். எந்தக் கணக்கு வந்தாலும் "இங்கே பக்கம் எது?" என்று கேட்கப் பழக்கிவிட்டால் மீதி எல்லாம் அதிலிருந்தே வரும். கீழே உள்ள படிகள் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் போகின்றன. நாற்பது நிமிட வகுப்பு என்றால் பன்னிரண்டு வகுப்புகள் தேவைப்படும். அவசரப்பட்டு எட்டில் முடிக்க வேண்டாம்.

எடுத்து வைக்க வேண்டியவை

ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை. கட்டம் போட்ட நோட்டு. தரையில் எழுத சாக்பீஸ். ஒரே அளவுள்ள சிறு கனசதுரங்கள் 64. பள்ளியின் கணித உபகரணப் பெட்டியில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பாரிமுனை மொத்தக் கடைகளில் லூடோ பகடை மலிவாகக் கிடைக்கும், முனை அதிகம் மழுங்காததாகப் பார்த்து வாங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் ஆளுக்கு இரண்டு என்று கெட்டி அட்டையில் செய்துவரச் சொல்லலாம்.

படி 1: முதலில் கை, அப்புறம் பெயர்

முதல் இருபது நிமிடம் வர்க்கம் என்ற சொல்லை வாயில் எடுக்கவே எடுக்காதீர்கள். "12 கொட்டையை வரிசையாக, இடைவெளி இல்லாமல், செவ்வகமாக அடுக்குங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். ஒருவர் 3 வரிசை 4 என்று வைப்பார், இன்னொருவர் 2 வரிசை 6 என்பார். சரி. இப்போது 16. 2 வரிசை 8 என்றும் வரும், 4 வரிசை 4 என்றும் வரும். "இதில் எது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கிறது?" என்று கேளுங்கள். 4-க்கு 4 என்று அவர்களே சொல்வார்கள்.

அப்புறம் 1 முதல் 50 வரை எந்தெந்த எண்ணிக்கை இப்படிச் சதுரமாக உட்காரும் என்று குழுவாகத் தேடட்டும். 1, 4, 9, 16, 25, 36, 49. பட்டியல் பலகையில் வந்த பிறகு பெயர் வையுங்கள்: இவை முழு வர்க்க எண்கள். 4-இன் வர்க்கம் 16. எழுதும்போது 4². அந்த 2 என்பது 4-ஐ எத்தனை தடவை எழுதிப் பெருக்க வேண்டும் என்ற எண்ணிக்கை: 4 × 4. நீளத்துக்கு ஒரு 4, அகலத்துக்கு ஒரு 4. 4 × 2 என்று எழுதிய பிள்ளையிடம் அதையும் கொட்டையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வரிசைதான் வரும், சதுரம் வராது. திருத்துவது நீங்கள் இல்லை, கொட்டை.

அன்றைய வீட்டுப்பாடம், வீட்டுத் தரையைப் பார்த்து வருவது. சென்னையில் இப்போது பல வீடுகளில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ்தான். ஒரு டைல் எத்தனை சதுர அடி? "டூ பை டூ" என்று கடையில் சொல்வதால் 2 என்று எழுதி வருபவர்கள் உண்டு. 4 என்று அவர்களே அடி அடியாகக் கோடு போட்டுப் பார்க்கட்டும். கட்டட வேலை பார்க்கும் பெற்றோர் இருந்தால் இன்னொன்றும் கேட்டு வரச் சொல்லுங்கள்: கொத்தனார்கள் "ஒரு சதுரம்" என்று சொல்வது எத்தனை சதுர அடி? 100. பத்தடிக்குப் பத்தடி. 10² அவர்கள் வாயில் தினமும் புழங்கும் சொல்.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியோடு குழிமாற்று என்ற வாய்பாட்டையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். குழி என்பது நில அளவு. பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கிக் குழி காண்பதற்கான வாய்பாடு அது, அதாவது வர்க்க வாய்பாடு. நிலத்தை அளந்த கைகளுக்கு வர்க்கம் எப்போதும் பரப்பாகத்தான் இருந்தது.

படி 2: புள்ளிக் கோலம்

இந்தப் படிக்கு ஒரு முழு வகுப்பு கொடுங்கள். கூடவே மார்கழியில் நடத்த வாய்த்தால் இன்னும் நல்லது.

தரையில் ஒரு புள்ளி வையுங்கள். அது 1. அதற்கு இடப்பக்கமும் கீழேயும் புள்ளி வைத்து 2-க்கு 2 ஆக்குங்கள். எத்தனை புதுப்புள்ளி? 3. மறுபடி இடப்பக்கமும் கீழேயும். 5. மறுபடி, 7. ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்த புள்ளிகளை வேறு நிறச் சாக்பீஸால் இணைத்தால் "ட" எழுத்து தெரியும். ஒரு ட-வுக்கு வெளியே இன்னொரு ட, அதற்கு வெளியே இன்னொன்று. ஏன் ஒவ்வொரு ட-வும் முந்தையதைவிட 2 அதிகம்? நிற்கும் கோட்டில் ஒரு புள்ளி கூடுகிறது, படுத்த கோட்டில் ஒரு புள்ளி கூடுகிறது. இதைப் பிள்ளைகளே சொல்லும்வரை காத்திருங்கள்.

பலகையில் எழுதுங்கள்:

1 = 1
1 + 3 = 4
1 + 3 + 5 = 9
1 + 3 + 5 + 7 = 16

அடுத்தடுத்த ஒற்றை எண்களைக் கூட்டினால் வர்க்கம் வந்துகொண்டே இருக்கும். இப்போது கோலம் போடத் தெரிந்த பிள்ளையை அழைத்து "நேர்ப்புள்ளி 7, ஒன்று வரை" வைக்கச் சொல்லுங்கள். 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் எத்தனை? ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். 7 வரை 16, மீதி 5, 3, 1 சேர்ந்து 9. 16 + 9 = 25. நான்கின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் சேர்ந்து ஐந்தின் வர்க்கம். இந்த 3, 4, 5 பின்னால் கொத்தனார் கையில் மறுபடி வரும், ஓரமாக எழுதி வையுங்கள்.

எங்கள் வகுப்பில் இந்தக் கோலத்தை வைத்த பெண் அதுவரை கணக்கு வகுப்பில் கையே தூக்காதவள். புள்ளி வைக்கும்போது அவள் எண்ணவே இல்லை. கை தானாகப் போயிற்று. 16-உம் 9-உம் அவள் கோலத்துக்குள் இருந்தன என்று காட்டியதும் நோட்டில் "9-ஒன்று வரை" கோலத்தையும் போட்டு 25 + 16 = 41 என்று எழுதிக் காட்டினாள். 41 முழு வர்க்கம் இல்லையே என்று அவளே கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு அரை வகுப்பு போனது, நல்ல அரை வகுப்பு.

படி 3: வாய்பாடும் கடைசி இலக்கமும்

1 முதல் 20 வரை வர்க்கம் மனப்பாடமாக இருக்க வேண்டும். புரிந்தால் போதும், மனப்பாடம் வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மூலம் காணும்போது இந்த இருபதும் நாக்கு நுனியில் இல்லாவிட்டால் பிள்ளை திணறிவிடும். ஆனால் மறந்தால் மீட்டுக்கொள்ள வழி தெரிந்திருக்க வேண்டும். 20² = 400 தெரியும், 21² மறந்துவிட்டதா? ஒரு ட சேருங்கள்: 400 + 20 + 21 = 441.

பட்டியலை எழுதிய பிறகு கடைசி இலக்கங்களை வட்டமிடச் சொல்லுங்கள். 0, 1, 4, 5, 6, 9 மட்டுமே வருகின்றன. 2, 3, 7, 8 வரவே வராது. ஆக 5,327 முழு வர்க்கமா என்று கேட்டால் பேனா எடுக்காமலே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் 6-இல் முடிந்துவிட்டாலே முழு வர்க்கம் என்று நினைத்துவிடுவார்கள். 26-ஐக் கொட்டையில் அடுக்கச் சொன்னால் தெளிந்துவிடும்.

படி 4: மூலம் என்றால் பக்கம்

√ என்ற குறியை எழுதும் முன் ஒரு நிலக் கணக்கு. சென்னையில் நிலம் கிரவுண்டில்தான் பேசப்படும். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி என்பது பல பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரிந்திருக்கும். பெரும்பாலும் 40-க்கு 60 மனையாக இருக்கும். "அதே ஒரு கிரவுண்ட் சரியான சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் எத்தனை அடி?" இதைப் பலகையின் மூலையில் எழுதி விடை சொல்லாமல் விட்டுவிடுங்கள். அடுத்த நான்கு வகுப்பும் இந்தக் கேள்விக்குத்தான் ஓடப்போகின்றன.

சின்ன எண்ணில் தொடங்கலாம். 49 சதுர அடி அறை, சதுரம். பக்கம்? 7. இதை √49 = 7 என்று எழுதுகிறோம். படிக்கும்போது "49-இன் வர்க்கமூலம் 7" என்று படித்துவிட்டு, உடனே "49 சதுரத்தின் பக்கம் 7" என்றும் சொல்லவையுங்கள். ஒரு வாரம் இரண்டையும் சேர்த்தே சொல்லட்டும். 36-ஐ இரண்டால் வகுத்து 18 எழுதும் பழக்கம் இதில்தான் போகும், ஏனென்றால் பக்கம் 18 என்றால் பரப்பு 324 ஆகிவிடும்.

கோலத்தைத் திருப்பிப் போட்டால் மூலம் காணும் முதல் வழி கிடைக்கும். 49-இலிருந்து ட-க்களை ஒவ்வொன்றாக உரித்தெடுங்கள்: 49 − 1 = 48, 48 − 3 = 45, 45 − 5 = 40, 40 − 7 = 33, 33 − 9 = 24, 24 − 11 = 13, 13 − 13 = 0. ஏழு தடவை. பக்கம் 7. பெரிய எண்ணுக்கு இது நீளும், ஆனால் மூலம் என்றால் என்ன என்பது இதில் விரலால் தொடும் தூரத்தில் இருக்கிறது.

படி 5: ஜோடி சேர்த்தல்

பகாக் காரணிப்படுத்தல் ஆறாம் வகுப்பிலேயே தெரிந்திருக்கும். 1,764-ஐ உடைத்தால் 2 × 2 × 3 × 3 × 7 × 7. எல்லாம் ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று நீளத்துக்கு, ஒன்று அகலத்துக்கு. நீளம் 2 × 3 × 7 = 42, அகலமும் 42. ஏன் ஜோடி சேர்க்கிறோம் என்று கேட்டால் "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்ற பதில் வரக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பங்கு போடுகிறோம் என்று வர வேண்டும்.

இப்போது கிரவுண்ட். 2,400 = 2 × 2 × 2 × 2 × 2 × 3 × 5 × 5. ஒரு 2-உம் ஒரு 3-உம் ஜோடி இல்லாமல் நிற்கின்றன. ஆக ஒரு கிரவுண்ட் முழு வர்க்கம் இல்லை. எத்தனை கிரவுண்ட் சேர்ந்தால் முழு எண் பக்கமுள்ள சதுரம் வரும்? விட்டுப்போன 2-க்கும் 3-க்கும் ஜோடி வேண்டும், அதாவது 6 மடங்கு. 6 கிரவுண்ட் 14,400 சதுர அடி. பக்கம் 120 அடி. "எந்தச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கமாகும்?" என்று தேர்வில் வரும் கேள்வி இதுதான். மனையாகக் கேட்டால் பிள்ளைகள் ஜோடியைத் தேடுகிறார்கள், வெறும் எண்ணாகக் கேட்டால் பார்முலாவைத் தேடுகிறார்கள்.

படி 6: நீள் வகுத்தல், அதற்குள் இருக்கும் படம்

இந்த அதிகாரத்திலேயே பிள்ளைகளை அதிகம் பயமுறுத்துவது இதுதான். காரணம், நடுவில் திடீரென்று ஈவை இரட்டிப்பாக்கச் சொல்கிறோம். எதற்கு என்று சொல்வதில்லை. படம் போட்டுச் சொன்னால் ஒரே வகுப்பில் புரியும்.

2,304 சதுர அடி மனை, சதுரம். வலமிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்தால் 23, 04. 23-க்குள் அடங்கும் பெரிய வர்க்கம் 16, அதாவது 4². ஆனால் அந்த 4 பத்துகளின் இடத்தில் இருக்கிறது, உண்மையில் 40. ஆகக் கட்ட நோட்டில் 40-க்கு 40 சதுரம் வரையுங்கள். 1,600 போயிற்று. மீதி 2,304 − 1,600 = 704.

இந்த 704-ஐ 40 சதுரத்தைச் சுற்றி ட வடிவத்தில் ஒட்ட வேண்டும். புள்ளிக் கோலத்தில் ட-வின் தடிமன் ஒரு புள்ளி. இங்கே ட எவ்வளவு தடிமன் என்றுதான் தெரியவில்லை. தடிமன் 8 என்று வைத்துப் பார்ப்போம். இடப்பக்கத்தில் 40-க்கு 8 பட்டை, 320. கீழே 40-க்கு 8 பட்டை, இன்னொரு 320. இரண்டு பட்டை இருப்பதால்தான் இரட்டிப்பு! மூலையில் 8-க்கு 8 துண்டு, 64. மொத்தம் 320 + 320 + 64 = 704. சரியாகப் பொருந்துகிறது. பக்கம் 48.

இப்போது வழக்கமான முறையில் அதே கணக்கைப் போடுங்கள். 4-ஐ இரட்டித்து 8, பக்கத்தில் ஓர் இலக்கம் சேர்த்து 88, 88 × 8 = 704. அந்த 88 எங்கிருந்து வந்தது? இரண்டு 40-உம் மூலையின் 8-உம். படத்தில் இருந்த மூன்று துண்டுகளும் ஒரே வரியில் உட்கார்ந்திருக்கின்றன. இதைக் கண்ட பிள்ளை இந்த முறையை மறப்பதில்லை, மறந்தாலும் படம் போட்டு மீட்டுக்கொள்ளும்.

ஆரியபட்டர் கி.பி. 499-இல் இயற்றிய ஆரியபட்டீயத்தில் வர்க்கமூலத்துக்கும் கனமூலத்துக்கும் இலக்கம் இலக்கமாகக் காணும் வழி இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, அவர் காலத்தில் இங்கே காகிதமும் புழக்கத்தில் இல்லை, கால்குலேட்டரும் இல்லை என்று சேர்த்துச் சொன்னால் வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

படி 7: முழுதாக வராதபோது

மூலையில் காத்திருக்கும் கிரவுண்ட் கேள்விக்கு இப்போது போகலாம். 48² = 2,304. 2,400-க்கு இன்னும் 96 இருக்கிறது. 48-இலிருந்து 49 ஆக்க ஒரு புள்ளித் தடிமன் ட-வுக்கு 48 + 49 = 97 தேவை. ஒன்றே ஒன்று குறைகிறது! 49² = 2,401. ஒரு கிரவுண்டோடு இன்னும் ஒரு சதுர அடி சேர்ந்திருந்தால் பக்கம் சரியாக 49 அடி.

ஆக √2400, 48-க்கும் 49-க்கும் நடுவில், 49-ஐ ஒட்டி இருக்கிறது. இரண்டு தசம இடம் வரை 48.99. அடியில் சொன்னால் 49 அடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் குறைவு. நூல் பிடிக்கும் கொத்தனார் அதை 49 என்றே வைத்துக்கொள்வார். ஆனால் கணக்கில் 48.99-ஐ வர்க்கப்படுத்தினால் 2,400-ஐத் தாண்டிச் சின்னதாக ஒரு மிச்சம் வரும், 48.989-ஐப் போட்டால் கொஞ்சம் குறையும். எத்தனை இலக்கம் எழுதினாலும் முடியாது. இப்படி முடியாத எண்களும் இருக்கின்றன என்பதை இந்த வயதில் கேட்டாலே போதும். விளக்கம் ஒன்பதாம் வகுப்பில் வரும்.

எந்த மூலத்தையும் கணக்குப் போடும் முன் இரண்டு முழு எண்களுக்கு நடுவில் அடைத்துக் காட்டும் பழக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். √50 என்றால் 7-க்கும் 8-க்கும் நடுவில், 7-ஐ ஒட்டி. இதைச் சொன்ன பிறகுதான் பேனா.

படி 8: கனம்

சரி, பகடைகளை எடுங்கள். 2-க்கு 2-க்கு 2, எட்டு. 3-க்கு 3-க்கு 3, இருபத்தேழு. ஒவ்வொரு குழுவும் முறை வைத்து 64-ஐயும் எடுத்து 4-க்கு 4-க்கு 4 கட்டட்டும். நீளம், அகலம், உயரம் என்று மூன்று தடவை எழுதுவதால் 4³. வர்க்கத்தில் 4 × 2 என்று எழுதியது போல இங்கே 4 × 3 = 12 என்று எழுதுவார்கள். 12 பகடையில் கனசதுரம் கட்டச் சொல்லுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மறுபடி கோலம், இந்தத் தடவை இடைப்புள்ளி. சில வீடுகளில் சந்துப் புள்ளி என்பார்கள். "7 புள்ளி, 4-இல் நிறுத்தவும்" என்று கோலப் புத்தகங்களில் போட்டிருக்குமே, அதேதான். நடுவில் 7, இரு பக்கமும் 6, 5, 4. மொத்தம் 4 + 5 + 6 + 7 + 6 + 5 + 4 = 37. அதற்குச் சின்னது 5 புள்ளி, 3-இல் நிறுத்தினால் 19. 3 புள்ளி, 2-இல் நிறுத்தினால் 7. ஒற்றைப் புள்ளி 1. இவற்றை வரிசையாகக் கூட்டச் சொல்லுங்கள்: 1, 8, 27, 64. கனங்கள்!

ஏன் என்பதற்குப் பகடை அடுக்கே பதில் சொல்லும். 64 பகடைக் கனசதுரத்தை மேசை மேல் வைத்து, ஒரு மூலை கண்ணுக்கு நேராக வரும்படி மேலிருந்து சாய்வாகப் பார்க்கவையுங்கள். மூன்று முகங்கள் தெரியும். வெளிக்கோடு ஆறுபக்க வடிவம், இடைப்புள்ளிக் கோலத்தின் அதே வடிவம். அந்த மூன்று முகங்களில் இருக்கும் பகடைகளை எண்ணினால் 37. அவற்றை உரித்தெடுத்தால் உள்ளே 27, மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று. அதை உரித்தால் 19 போய் 8. வர்க்கத்தில் ட-வை உரித்தோம், கனத்தில் கோலத்தை உரிக்கிறோம். இதைக் கையால் செய்து பார்க்காமல் வாயால் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு பெரிய அளவுக்குப் போகலாம். வடகிழக்குப் பருவமழையில் செய்தித்தாளில் தினமும் வரும்: செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு இத்தனை கன அடி திறப்பு. ஒரு கன அடி என்றால் ஓரடிக்கு ஓரடிக்கு ஓரடிப் பெட்டி. அதில் சுமார் 28.3 லிட்டர் பிடிக்கும், வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேனில் கிட்டத்தட்ட ஒன்றரை. விநாடிக்கு 500 கன அடி என்றால் "ஒன்று" என்று சொல்லி முடிப்பதற்குள் ஏறக்குறைய 700 கேன். செய்தியில் வரும் எண் அப்போதுதான் எண்ணாகக் கேட்கும்.

டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 1000 × 1000 × 1000. அதாவது பக்கம் ஆயிரம் அடியுள்ள ஒரு கனசதுரம். அண்ணா சாலை எல்ஐசி கட்டடம் 177 அடி, அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் உயரமான தண்ணீர்ப் பெட்டி. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3.645 டி.எம்.சி. அதைக் கனசதுரமாக நிறுத்தினால் பக்கம் எவ்வளவு? 1500³ = 337.5 கோடி, 1600³ = 409.6 கோடி. நடுவில், சுமார் 1540 அடி. ஏரியின் ஆழமோ 24 அடிதான். அப்படியானால் அது எவ்வளவு அகலமாகப் பரந்து கிடக்கிறது என்று பிள்ளைகளே வியப்பார்கள்.

பக்கம் இரட்டித்தால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே முடித்துவிடுங்கள். தரைக்கடியில் கட்டும் கனசதுரத் தண்ணீர்த் தொட்டி (சம்ப்) ஒன்று இரண்டடி, இன்னொன்று நாலடி. அடிப்பரப்பு 4 மடங்கு, தண்ணீர் 8 மடங்கு.

படி 9: கனமூலம்

இது வேகமாகப் போகும். ஜோடிக்குப் பதில் மூன்று மூன்றாகச் சேர்க்க வேண்டும். 2,744 = 2 × 2 × 2 × 7 × 7 × 7, கனமூலம் 14. 500 = 2 × 2 × 5 × 5 × 5, ஒரு 2 குறைகிறது, சேர்த்தால் 1000.

கடைசி இலக்கத்தைப் பட்டியலிட்டால் ஓர் அழகு தெரியும். 2-இன் கனம் 8-இல் முடியும், 8-இன் கனம் 2-இல். 3-உம் 7-உம் அதேபோல் இடம் மாறும். மற்றவை தன்னிலேயே முடியும். இதை வைத்து 39,304-இன் கனமூலத்தை மனதிலேயே சொல்லலாம். கடைசி 4, ஆக மூலம் 4-இல் முடியும். கடைசி மூன்று இலக்கத்தை விட்டால் 39, அது 27-க்கும் 64-க்கும் நடுவில், ஆகப் பத்தின் இடத்தில் 3. விடை 34. முழு கன எண்ணுக்கு மட்டுமே இது செல்லும் என்று அழுத்திச் சொல்லுங்கள். 39,314-க்கும் 34 என்று எழுதிவிடுவார்கள்.

படி 10: கால் வழுக்கும் இடங்கள்

0.3² = 0.9 என்று எழுதாத பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. கட்ட நோட்டில் 10-க்கு 10 சதுரத்தை 1 என்று வையுங்கள். அதில் 0.3-க்கு 0.3 என்றால் 3-க்கு 3 கட்டம், நூறில் 9. ஆக 0.09. 0-க்கும் 1-க்கும் நடுவில் உள்ள எண்ணை வர்க்கப்படுத்தினால் குறையும், மூலம் கண்டால் கூடும். இது பிள்ளைகளுக்கு நம்ப முடியாமல் இருக்கும், அதனால் அரை அடி டைல் கால் சதுர அடி என்பதையும் வரைந்து காட்டுங்கள்.

(−5)² = 25, 5² = 25. ஆனால் √25 = 5 மட்டுமே. சதுரத்தின் பக்கத்தைக் கேட்கும் குறி அது, பக்கம் குறை எண்ணாகாது. கனத்தில் அப்படி இல்லை, (−2)³ = −8, ஆக −8-இன் கனமூலம் −2.

√(9 + 16)-ஐ √9 + √16 = 7 என்று பிரிப்பது எட்டாம் வகுப்பில் பரவலான தவறு. ஓரமாக எழுதி வைத்த 3, 4, 5-ஐ இப்போது எடுங்கள். கொத்தனார் மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, குறுக்கே நூல் பிடிப்பார். 5 அடி வந்தால் மூலை சரி. 9 + 16 = 25, மூலம் 5. ஏழடி என்றால் அது குறுக்கே போனதல்ல, இரண்டு சுவரையும் ஒட்டி நடந்தது. மைதானத்தில் நடக்கவைத்தே காட்டலாம்.

கடைசி வகுப்பு: 1729

1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தவர் ராமானுஜன். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தவர். பின்னாளில் இங்கிலாந்தில் உடல்நலமில்லாமல் இருந்தபோது பார்க்க வந்த ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்றார். இல்லை, இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார் ராமானுஜன்.

கதையை இங்கே நிறுத்திவிடுங்கள். அந்த இரண்டு வழி என்ன என்று பலகையில் எழுதாதீர்கள். 1 முதல் 12 வரை கனங்களை எழுதிக்கொடுத்து, 1729 எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று இரண்டு பேர் இரண்டு பேராகத் தேடவிடுங்கள். 1 + 1728 சீக்கிரம் கிடைக்கும். 729 + 1000 கொஞ்சம் தாமதமாகும், கிடைக்கும்போது வகுப்பில் சத்தம் வரும், அடக்க வேண்டாம். முதலில் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று நிற்கும் பிள்ளைக்கு 16 வரை கனங்களை எழுதிக்கொடுத்து 4104 என்று மட்டும் சொல்லுங்கள்.